அமாவாசை கழிஞ்சா கனக்கும்

வாங்க சார், உள்ள வாங்க. கேட்டு அப்படியே இருக்கட்டும், சாத்த வேண்டாம். பொள்ளாச்சியில இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? அதுதான் நியாயம். சைக்கிள் வாங்க வர்றவரு கார்ல வந்தா கார யாரு திருப்பி ஓட்டிட்டுப் போறது? சித்தே உக்காருங்க. மேல டடடடன்னு கேக்குதே, அது என்ற சம்சாரம் கோகிலா. மாடியில நாலு தையல் மிஷின் போட்டுப் பொம்பளைங்கள வெச்சுத் தெச்சுக் குடுக்கறா. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, ஆளுங்க இல்ல. ஏதோ அவசர ஆர்டராம், அவளே உக்காந்துட்டா.

இதாங்க சைக்கிள். போட்டோவுல பாத்த மாதிரியே இருக்குதுங்களா? நல்லாத் தொட்டுப் பாருங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிப்புடறேன் சார். நான் மறைச்சு விக்கற ஆளு இல்ல. வடவள்ளியில வெள்ளியங்கிரி பம்ப்செட் கடைன்னா யாரை வேணாலும் கேளுங்க. இந்த சைக்கிள் கனக்குது. தூக்குனாக் கனக்காதுங்க, ரெண்டு விரல்ல தூக்கிரலாம். மிதிச்சாத்தான் கனக்கும். அதும் எப்பவும் ஒரே மாதிரி இல்ல. அமாவாசைக்கு முந்தி ஒரு வாரம் நல்லாப் போகும். அமாவாசை கழிஞ்சா மறுபடி கனக்கும். சிரிக்காதீங்க சார், ஒரு வருசமாப் பாத்துட்டுச் சொல்றேன். கடல் தண்ணியே சந்திரனப் பாத்து ஏறி எறங்குதில்லைங்களா, இது ஒரு சைக்கிள் தானே?

இதுல பழசுன்னு சொன்னா அந்த பிரேம் ஒண்ணுதான். சக்கரம் ரெண்டும் புதுசு. செயின் புதுசு. கியர் செட்டு மொத்தமும் மாத்தியாச்சு. பெடலுக்கு நடுவுல சுத்துற பேரிங்கு இருக்கு பாருங்க, அது ரெண்டு தடவை மாத்துனது. டயரு, போன மாசம். சீட்டு வேற. மிச்சம் என்ன இருக்குது சொல்லுங்க? நான் தான் இருக்கறேன். என்னையும் மாத்திப்புடலாம்னு எங்க ஆடிட்டரு சொல்றாரு. அவரு நாயத்தை அப்பறமாச் சொல்றேன்.

என்ற கடைக்கு ஒரு விவசாயி வந்து, மோட்டாரு எரிஞ்சு போச்சுங்க, காயில் கட்டிப் போட்டுக்கட்டுமா, இல்லப் புதுசா எடுக்கட்டுமான்னு கேட்டார்னு வெச்சுக்குங்க, நான் யோசிக்கவே மாட்டேன். புதுசு எடுங்கம்பேன். இன்னைக்குக் காயில் கட்டுவீங்க, நாளைக்கு பேரிங் போகும், மறுநாள் ஷாப்ட்டு போகும், கடைசியில புது மோட்டாரு வெலையத் தாண்டி நிப்பீங்கம்பேன். இருவத்தஞ்சு வருசமா ஊருக்கே சொல்றது இது. என்ற சைக்கிளுக்குன்னு வந்தப்ப மட்டும் அந்தப் புத்தி எங்கயோ போயிருச்சு. ஒவ்வொண்ணா மாத்தலாம், ஒவ்வொண்ணா மாத்தலாம்னு... கெரகம்.

எப்படி ஆரம்பிச்சுதுன்னாக்க, கோகிலாவுக்கு சுகர் வந்துச்சு. டாக்டரு நடங்கன்னாரு. நடக்கறது எனக்கு ஆகாதுங்க, நேரம் போகாது. சைக்கிள் மிதிக்கலாம், ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாம்னு நான்தான் சொன்னேன். எனக்கு வளைஞ்ச ஹேண்டில் வெச்ச இந்த ரோடு பைக்கு. அவளுக்கு நேரா ஹேண்டில் வெச்ச கியர் சைக்கிள். காலையில சிறுவாணி ரோட்டுல பேரூர் தாண்டி, மாதம்பட்டி வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பறது. அவ்வளவுதான் திட்டம்.

ஆனா இந்த மாதிரி சைக்கிள்ல ஏறி உக்காந்தா மெதுவாப் போக முடியாதுங்க சார். உங்களுக்கே தெரியும். அது குனிஞ்சு உக்கார வெக்குது, நீங்களும் குனிஞ்சுக்கறீங்க, அப்பறம் ரோடு மட்டுந்தான் தெரியும். நான் மாதம்பட்டி போயி டீ குடிச்சு முடிச்சு, ரெண்டாவது டீயும் சொன்னதுக்கு அப்பறம்தான் அவ வந்து சேருவா. வந்ததும் நான் கெளம்பிருவேன், உடம்பு ஆறிப்போயிருமில்ல. சைக்கிள் குரூப்புல எல்லாம் என்ற பேரு மொதல்ல வரும். நல்ல காலங்க அது.

ஒரு நாள் டீக்கடையில வந்து எறங்குனவ, டீயே சொல்லல. "ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாம்னு தானுங்க சைக்கிள் வாங்குனீங்க? உங்க முதுகப் பாக்கறதுக்கு நான் எதுக்கு வரோணும்? அதும் தெரிய மாட்டேங்குது"ன்னா. நீயும் கொஞ்சம் அழுத்தி மிதிச்சுப் பழகுன்னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்.

கோவமெல்லாம் வெச்சுக்க மாட்டா சார், அது அவகிட்ட இருக்கற நல்ல கொணம். அந்த வாரமே அமாவாசை வந்துச்சு. கோயில்ல இருந்து கருப்புக் கயிறு ஒண்ணு வாங்கிட்டு வந்து, சோழி கோத்து, அவ கையாலயே இந்த சைக்கிளுக்குத் திருஷ்டிக் கயிறு கட்டுனா. இந்தா, பின்சக்கரத்துக்கு மேல, பிரேக்குக்குப் பக்கத்துல தடியா இருக்குது பாருங்க. எல்லாரும் முன்னாலதானே கட்டுவாங்கன்னு கேட்டேன். "முன்னால வர்றவிய கண்ணு என்னங்க பண்ணும்? பின்னால இருந்து பாக்கற கண்ணுதான் பொல்லாதது"ன்னா. முடிச்சு சக்கரத்தப் பாத்து இருக்கோணுமாம், அப்பத்தான் கண்ணு பட்டது ரோட்டோட போயிருமாம். நாலு சுத்துச் சுத்தி, பல்லக் கடிச்சுட்டு இறுக்குனா. எனக்குப் பெருமை தாங்கலைங்க. நம்ம மேல இத்தன அக்கறையான்னு.

அத்தன கண்ணு சார் என்மேல! நீங்க நம்ப மாட்டீங்க. ஒரு மாசத்துல கயிறு பாதியாத் தேஞ்சு போயிரும். நாரு நாராத் தொங்கும். அவளும் அமாவாசை வந்தா மறக்காமப் புதுசு கட்டிருவா. கேஸ் சிலிண்டரு தீந்துபோனாக்கூட மறந்துருவா, இத மறக்க மாட்டா. நேத்துத்தான் அமாவாசை. இது நேத்துக் கட்டுனது.

சரி, நம்ம விசயத்துக்கு வர்றேன். அந்தச் சமயத்துல இருந்துதான் சைக்கிள் கனக்க ஆரம்பிச்சுது. மொதல்ல காத்துன்னு நெனச்சேன். ஆடி மாசம், உங்களுக்குச் சொல்லோணுமா, பாலக்காட்டுக் காத்து மூஞ்சியில அறையும். ஆடி போச்சு, ஆவணி போச்சு, காத்தும் நின்னுருச்சு. சைக்கிள் மட்டும் யாரோ பின்னால புடிச்சு வெச்ச மாதிரியே இருக்குது. சர்ரு சர்ருன்னு ஒரு சத்தம் வேற. அப்பத்தான் அந்த பேரிங்க மாத்துனேன். சத்தம் போகல. மறுபடி மாத்துனேன்.

கோகிலாகிட்ட, ஏம்புள்ள, சத்தம் கேக்குதான்னா, எனக்கொண்ணும் கேக்கலைங்களேங்கறா. அவ காது எப்படிப்பட்ட காது தெரியுங்களா? கீழ அடுப்படியில நின்னுட்டே, மாடியில மூணாவது மிஷின்ல நூல் ஒரசுது, போயிப் பாருங்கடீன்னு கத்துவா. போய்ப் பாத்தா ஒரசிட்டுத்தான் இருக்கும். நூல் ஒரசுனா மிஷின் கனக்கும், மிஷின் கனத்தா மோட்டாரு போகும்னு அந்தப் பொம்பளைங்களுக்குப் பாடம் நடத்துவா. அப்பேர்ப்பட்ட காது, சைக்கிள் சத்தத்துக்கு மட்டும் கேக்கல. வயசாகுதில்லைங்களா, பாவம்.

மெக்கானிக்கு யூசுப்பு. நல்ல வேலைக்காரரு, அவர ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா அவரு கடையில கொண்டு போயி நிறுத்துனாச் சைக்கிள் அருமையா ஓடுது! "என்னங்க, சக்கரம் பூ மாதிரி சுத்துது, என்ன கம்ப்ளெயின்ட்டு?"ங்கறாரு. என்ற கடைக்கு வர்ற பாதிப் பேரு இதத்தான் சொல்லுவாங்க, கடையில ஓடுது, தோட்டத்துல ஓட மாட்டேங்குதுன்னு. கோகிலா வேற, கடைக்குக் கொண்டு போற அன்னைக்கு மறக்காமக் கயித்த அவுத்து எடுத்து வெச்சுக்குவா. கண்டவிய கை படக் கூடாதாம். திருப்பிக் கொண்டாந்ததும் கட்டிருவா. அவ்வளவு சுத்தபத்தம். கடையில இருந்து வர்ற வழியில லேசாத்தான் இருக்கும். புதுப் பார்ட்டு போட்ட சந்தோசம்னு நெனச்சுக்குவேன். மறுநா காலையில கனக்கும். சந்தோசம் தீந்து போச்சுன்னு அர்த்தம்.

அகலமான டயரு போட்டா வழுக்கிட்டுப் போகும்னு யாரோ சொன்னாங்க. போட்டேன். அதுல இன்னும் மோசமாப் போச்சு.

ஆடிட்டரு நாயத்தச் சொல்றேன்னேன்ல. நடேசன்னு பேரு, எங்க குரூப்புல இருக்கறாரு. என்னைவிட எட்டு வயசு மூப்பு. மருதமலை மேட்டுல ஒரு நாள் மூச்சு வாங்கிட்டு ஏறிட்டு இருக்கறேன், பக்கத்துல வந்து, "வெள்ளியங்கிரி, மெல்ல வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல"ன்னு சொல்லிட்டுப் பாட்டு முணுமுணுத்துட்டே போறாரு சார். எனக்கு அந்த எடத்துலயே எறங்கிரலாம் போல இருந்துச்சு.

நீங்க வெளியாளு, உங்ககிட்டச் சொன்னா என்ன. எனக்குச் சைக்கிளப் பத்திப் பயம் இல்லைங்க. கிணத்துல தண்ணி கொறைஞ்சா மோட்டாரு சத்தமாத்தான் ஓடும், தண்ணி வராது. விவசாயி என்ன பண்ணுவாரு? மோட்டார மாத்துவாரு. பைப்ப மாத்துவாரு. நானும் வித்துருவேன். ஆனா எனக்குத் தெரியும், கிணத்துலயே தண்ணி இல்லைன்னா எத மாத்தி என்ன? எங்கப்பனுக்கு இந்த வயசுலதான் காலு போச்சு. ஒரு வருசமா நான் ஒவ்வொரு பார்ட்டா மாத்துனது எதுக்குங்கறீங்க? ஒரு பார்ட்ட மாத்துனதும் லேசாயிட்டா, அப்பாடா, கோளாறு சைக்கிள்ல தான்னு நிம்மதியா இருக்கலாமேன்னுதான். லேசானது மறுநா வரைக்குங்கூட நிக்கல. காலத் தடவித் தடவிப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். இத கோகிலாகிட்டக்கூடச் சொல்லல.

வேகம் போனதுல இன்னொரு தொல்லை. அவ பக்கத்துலயே வர ஆரம்பிச்சுட்டா. நான் எங்க போறது, அதே வேகந்தானே எனக்கும். போக வர ஒரே பேச்சு, ஒரே நாயம். ஓசூர்ல இருக்கற மக வீட்டு நாயம், தெக்கத் தெருவுல கட்டற வீட்டு நாயம், அவ தங்கச்சி கம்மல் தொலைச்ச நாயம். ஒரு நாள் பேரூர்ப் பாலம் தாண்டறப்ப, ஒம்பதாவது படிக்கறப்ப அவங்கப்பன் சைக்கிள எடுத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாளாம், ரெண்டு கையும் விட்டுட்டு ஓட்டுவாளாம், அதச் சொல்றா. கல்யாணம் ஆகி வந்தப்ப சைக்கிள அங்கயே விட்டுட்டு வந்தாளாம். நம்ம வீட்டுல வேண்டாம்னு எங்கம்மா சொல்லிருச்சாமா. இது எனக்குத் தெரியவே தெரியாதுங்க. ஏன் இத்தன வருசமாச் சொல்லலைன்னு கேட்டேன். "நீங்க என்னைக்குங்க பக்கத்துல வந்தீங்க, சொல்றதுக்கு?"ன்னா. அவ பேச்செல்லாம் இப்படித்தான், ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்லுவா. மாதம்பட்டியில இப்ப ஒரே டீயச் சொல்லி ரெண்டாப் பிரிச்சுக் குடிக்கறோம், சுகரு இருக்குதில்ல. சைக்கிள் சரியா இருந்தா நான் எப்பவோ வந்து டீ குடிச்சுட்டுக் கெளம்பியிருப்பேன்.

கடைசியா ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாம் மாத்தியாச்சு, பிரேம் ஒண்ணுதான் பாக்கி. அப்ப கோளாறு பிரேம்லதான். பிரேம மட்டும் மாத்துறதுக்குப் புது சைக்கிளே எடுத்தறலாம். கார்பன் பிரேம், டிஸ்க் பிரேக்கு. கடையில ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன். பறந்துச்சு சார்! கண்ணுல தண்ணியே வந்துருச்சு, காத்துலதான். நம்ம காலுக்கு ஒண்ணும் ஆகலைன்னு தோணுச்சு. ஆனா அரை மைலு ஓட்டுனத வெச்சு எப்படி நம்பறது? அதும் புதுசு வேற. முன்பணம் குடுத்திட்டு வந்துட்டேன்.

அன்னைக்குக் கோகிலாவும் கூடத்தான் வந்திருந்தா. வெலையக் கேக்கல. கலரக் கேக்கல. குனிஞ்சு பின்சக்கரத்த ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஏனுங்க, இதுல கயிறு கட்ட எடம் இருக்குங்களா?"ன்னு மட்டும் கேட்டா. கடைக்காரரே அசந்து போயிட்டாரு. இப்படி ஒரு சம்சாரம் அமையக் குடுத்து வெச்சிருக்கோணும்னாரு. வர்ற வழியெல்லாம் அவ மொகம் ஒரு மாதிரி இருந்துச்சு. செலவ நெனச்சுக் கவலைப்படறான்னு நான் ஒண்ணும் கேக்கல.

அவ்வளவுதான் சார் கதை. ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லிட்டேன். உங்க காலு எளவயசுக் காலு, உங்களுக்குக் கனம் தெரியாமப் போனாலும் போகும். இந்தத் தெருக்கோடி வரைக்கும் போயி, அந்த மேட்டுல ஏறித் திரும்பி வாங்க. இருங்க, இருங்க. கயித்த அவுத்தர்றேன். அது எனக்குன்னு கட்டுனது, உங்களுக்கு ஆகாது. எத்தன இறுக்கு... வந்துருச்சு. போயிட்டு வாங்க.

வந்துட்டீங்களா? என்ன சார், அதுக்குள்ள? அந்த மேட்டுல உக்காந்துட்டே ஏறுனீங்களே, பாத்தேன். எந்திரிச்சு நின்னு மிதிக்கலையே நீங்க. கனக்கலைங்களா? சும்மா சொல்லாதீங்க. சத்தம்? சர்ரு சர்ருன்னு? அதும் இல்லைங்களா?

எறங்குங்க. நான் ஒருக்காப் போயிட்டு வர்றேன்.

...சார், பின்னால தூக்கிப் புடிங்க. சக்கரத்தச் சுத்தி விடறேன். பாருங்க. சுத்துது. இன்னும் சுத்துது சார். நிக்கவே மாட்டேங்குது. என்ன சொல்றீங்க? கயிறா? கயித்துக்கும் இதுக்கும் என்ன சார்... குடுங்க அத. அவ இப்படித்தான் சுத்துவா. முடிச்சு இப்படிச் சக்கரத்தப் பாத்து. இப்பச் சுத்துங்க.

நின்னுருச்சு.

கம்முனு இருங்க சார் சித்தே. ஒண்ணும் பேசாதீங்க.

கிணத்துல தண்ணி இருக்குது சார். வத்திப்போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன், அடியில வரைக்கும் இருக்குது. இப்ப அந்த மேட்டுல ஏறுனப்ப எனக்கு வயசே தெரியல. சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல. அந்த ஆடிட்டரு மட்டும் இப்ப வரோணும் இந்தத் தெருவுல!

என்னது? தெரியாமக் கட்டியிருப்பாங்கன்னா சொல்றீங்க? நல்ல மனசு சார் உங்களுக்கு. நூல் ஒரசுனா மிஷின் கனக்கும்னு அடுப்படியில நின்னுட்டே சொல்றவ சார் அவ. பல்லக் கடிச்சு இறுக்குனாளே, நானே பக்கத்துல நின்னு கயித்தோட முனையப் புடிச்சுக் குடுத்தேன். மாசாமாசம் புடிச்சுக் குடுத்தேன். பின்னால இருந்து பாக்கற கண்ணு பொல்லாததுன்னா. என்ற பின்னால அவள விட்டா வேற யாரு சார் வந்தா?

கோவம் வரோணுமில்லைங்களா எனக்கு? வரோணும். ஒரு வருசம் முட்டாளாக்கியிருக்கா. வருதான்னு பாத்துட்டுத்தான் இருக்கறேன்.

வர மாட்டேங்குது சார். ரெண்டு கையும் விட்டுட்டு ஓட்டுவாளாமா. இந்தக் கயிறு இல்லைன்னா நான் அன்னைக்கு மாதம்பட்டியில உக்காந்து ரெண்டாவது டீ குடிச்சுட்டு இருந்திருப்பேன். அவ பாலத்துக்கிட்டத் தனியா வந்துட்டு இருந்திருப்பா, யாருகிட்டச் சொல்லியிருப்பா அத? என்னை எனக்குத் தெரியும் சார். இப்பப் புத்தி வந்துச்சு, இனிமே மெதுவாப் போறேன்னு இன்னைக்குச் சொல்லுவேன். நாளைக்குக் காலையில குனிஞ்சு உக்காந்தா ரோடு மட்டுந்தான் தெரியும்.

மன்னிச்சுக்குங்க சார். பொள்ளாச்சியில இருந்து உங்கள வர வெச்சுட்டேன். சைக்கிள் விக்கறதுக்கு இல்ல. புதுசும் எடுக்கறதில்ல, கடையில நான் சொல்லிக்கறேன். இந்தச் சோழிய மட்டும் இப்படிப் புடிச்சுக்கிறீங்களா? நாலு சுத்து. இன்னும் கொஞ்சம் இறுக்கோணும், அவ கட்டுனதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. முடிச்சு சக்கரத்தப் பாத்து இருக்குதுங்களா? அப்படியே இருக்கட்டும்.

மேல மிஷின் நின்னுருச்சு. படிக்கட்டுல வந்து நிக்கறா போல. சத்தியமா நீங்க ஒண்ணும் சொல்லீராதீங்க சார், நான் பேசிக்கறேன்.

"ஏனுங்க, சைக்கிள் வித்தாச்சுங்களா?"

"இல்ல புள்ள. சாருக்குப் புடிக்கலியாமா. ஓட்டிப் பாத்துட்டு வந்துட்டாரு. ரொம்பக் கனக்குதாமா."